நான்காம் தூக்கத்துக்குப் பிந்திய பசி

பட்டுப்புழுவைப்போலச் சாப்பாட்டில் நியமம் பார்க்கும் ஜீவனை நான் கண்டதில்லை, அதிகாரி ஐயா. ஈர இலை போட்டால் கழிச்சல் காணும். முற்றிய இலை போட்டால் நூல் மெலியும். தோலுரிக்க நான்கு முறை தூங்கும்; அந்த நான்காம் தூக்கம் கலைந்து எழும்போது ஒரு பசி வரும் பாருங்கள், புழுக்கள் இலையை அரைக்கிற சத்தத்தில் எங்கள் ஹூஜோ கோயில் மணி பூசாரிக்கே கேட்காது. நான் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். மீதி சத்தியம்.

என் மருமகள் லான்யிங் இதிலெல்லாம் கைதேர்ந்தவள். என் மகன் காய்ச்சலில் போனபின்னும் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். மூங்கில் குருத்தும் உப்புக்கண்டமும் போட்டு அவள் வைக்கும் சூப்புக்குச் செத்தவன்கூட எழுந்து உட்காருவான். என் மகன் எழவில்லை, அது வேறு.

இந்த வசந்தத்தில் புழுத் தட்டுகளைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"மாமா, இந்தத் தடவை கூடு நல்லா வந்துச்சுன்னா, அதை வித்துட்டு ஷாங்காய் நூல் ஆலைக்குப் போயிடுறேன்."

"அங்க யாருக்கு சூப்பு வைப்ப?"

"எனக்குத்தான். வேணும்னா நீங்களும் கத்துக்குங்க. மூங்கில் குருத்து கடிக்காது."

சிரித்தேன். வாயாடி.

புழு வளரும் மாதத்தில் வாசலில் சிவப்புத் தாள் ஒட்டிவிடுவோம், வெளியார் வரமாட்டார்கள். புழு அறை பெண்ணின் பொறுப்பு. புழு செத்தால் அவள் ராசியில்லாதவள். புகைபிடித்த கை இலையில் படக் கூடாது என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். என் புகைக்குழாய்க்கு என்னைவிட வயது அதிகம். அதில் தேங்கியிருந்த கறுப்புக் கசண்டை நீரில் கரைத்து, இலைக்கூடையில் தெளித்து, நன்றாகக் காயவிட்டேன். ஈரம் ஆகாதல்லவா.

விடிந்தபோது புழுக்கள் தலையைத் தூக்கித் தூக்கி ஆட்டின. பழுப்பாகக் கக்கின. மதியத்துக்குள் அறையில் சத்தமே இல்லை.

பக்கத்து வீட்டு ஜின்மெய் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஊருக்கே கேட்கச் சொன்னாள்: "புருஷனை முழுங்கினா, இப்ப புழுவையும் முழுங்கிட்டா. இவ நிழல் என் வாசல்ல விழக் கூடாது."

அதன்பின் ஊரார் கிணற்றடியில்கூட லான்யிங்கை அண்ட விடவில்லை.

"நீங்களாவது சொல்லுங்க மாமா. நான் காஞ்ச இலைதானே போட்டேன்?"

காய்ந்ததுதான். மனத்துக்குள் சொல்லிக்கொண்டே குழாயைத் தட்டிச் சுத்தம் செய்தேன்.

மறுநாள் குளத்தில் மிதந்தாள்.

நீங்கள் கொலை என்கிறீர்கள். நான் கொடுத்தது புழுவுக்கு. அவளுக்கு ஒரு நாளும் கெடுதல் நினைத்ததில்லை. போகக் கூடாது என்று நினைத்தேன், போகவில்லை. மல்பெரித் தோப்பில், என் ஜன்னலுக்கு நேராகத்தான் படுத்திருக்கிறாள்.

சூப்புக்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை.