லுயீஸ் அண்ணியின் மூக்கு

கிட்ட வந்து உட்கார், கவிநிலா கண்ணு. அந்த நாற்காலியை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொள். என் குரல் அவ்வளவு தூரம் வராது. சப்-இன்ஸ்பெக்டர் ஆயிற்றே என்று நான் 'நீங்க' போட்டுத்தான் தொடங்கினேன். நீதான் "நீன்னே சொல்லுங்கம்மா" என்றாய். பக்கத்தில் எழுதுகிற பெண் சாப்பிட்டாளா என்று கேள், முகம் வாடியிருக்கிறது. உங்கள் இருவருக்கும் ஒரு கதை சொல்கிறேன். வீட்டில் பொம்மை செய்ய ஓர் அறையை ஒழுங்குபண்ணின கதை. எதையும் விடாமல் சொல்கிறேன்.

கடலோர ஊரில் பொம்மை செய்ய வேண்டுமென்றால் முதலில் ஈரம் ஏறாத அறை வேண்டும். இல்லாவிட்டால் காகிதக்கூழில் செய்த தலை காய்வதற்குள் பூஞ்சை பிடித்துவிடும். முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டில் நல்ல வெயில் விழுகிற அறை ஒன்றுதான். அது லுயீஸ் அண்ணியின் அறை.

லுயீஸ் என் வீட்டுக்காரர் ழான்-மரியின் அக்கா. அவர் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அதற்கப்புறம் அந்த வீட்டில் அண்ணியும் நானும்தான். நான் பாகூர்ப் பக்கம் விவசாய வீட்டுப் பெண். கல்யாணமாகி வந்த மறுநாள் காலையில் ரொட்டியைச் சாம்பாரில் தோய்த்துத் தின்றேன். நாற்பத்தாறு வருஷமாக அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவள் அவள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தெருப் பிள்ளைகளுக்கு நான் கதை சொல்வேன். எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை, வாயில் வந்ததைச் சொல்வேன். ஆனால் வெறும் பேச்சுக்கு இப்போது பிள்ளைகள் உட்காருவதில்லை. கண்ணெதிரே ஏதாவது ஆட வேண்டியிருக்கிறது. அதனால்தான் பொம்மை.

தீபாவளி முடிந்ததும் அண்ணியின் மகன் ஜெரெமி பிரான்சில் துலூஸ் நகரத்திலிருந்து போன் செய்தான். ஜனவரியில் வந்து அம்மாவை அழைத்துப் போகிறேன், இனிமேல் என்னோடுதான் என்றான். போனை வைத்துவிட்டு அண்ணி என்னைப் பார்த்தாள்.

"என் அறைய எடுத்துக்கடி செல்வா. பொம்மைக்கு எடம் இல்ல, எடம் இல்லன்னு பொலம்பிகினே இருந்த இல்ல?"

"நீங்க போறப்ப எடுத்துக்கறேன் அண்ணி."

"இப்பவே எடுத்துக்க. கட்டில மட்டும் விட்டு வை. நின்னுகினே தூங்க என்னால ஆவாது."

கட்டிலைச் சுவரோரம் தள்ளினோம். சாப்பாட்டு மேசையை ஜன்னலடியில் போட்டேன். கூழுக்குப் பெரிய மார்க்கெட்டில் பழைய பேப்பர் ஒரு கட்டு வாங்கினேன். பொம்மையின் கைகால்களை ஆட்ட வைத்திக்குப்பத்தில் தூண்டில் நரம்பு கிடைத்தது. உடம்புக்குக் கல்யாண முருங்கைக் கட்டை, கனமில்லாமல் இருக்கும். அண்ணி கட்டிலில் சாய்ந்தபடி, ரம்பம் பிடிக்கத் தெரியவில்லை, ஆணி கோணல் என்று ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பாள். நல்ல நாட்கள்.

முதல் பொம்மைக்கு அண்ணியின் முகத்தையே வைப்பது என்று முடிவு செய்தேன். அவளுக்கும் அதில் ஆசைதான்.

முகத்தை அச்செடுக்கிற விதத்தைச் சொல்கிறேன், இது உனக்கு முக்கியம். முகத்தில் வாசலின் தடவி, ஆளை மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைத் தயிர்ப் பதத்தில் குழைத்து முகம் முழுக்கப் பூச வேண்டும். மூச்சுக்கு மூக்கில் இரண்டு ஸ்ட்ரா. அது இறுகுகிறவரை முகம் அசையக் கூடாது. நாங்கள் கடிகாரம் பார்க்கவில்லை. பத்துப் பத்தாக ஐம்பது மணி உருட்டி ஒரு ஜெபமாலை சொல்லி முடிக்கிற நேரம் கச்சிதமாக இருந்தது. நான் சத்தமாகச் சொல்வேன். அண்ணியால் வாய் திறக்க முடியாதே, அதனால் ஒவ்வொரு மணிக்கும் என் உள்ளங்கையில் விரலால் ஒரு தட்டுத் தட்டுவாள்.

முதல் அச்சில் ஸ்ட்ரா இருந்த இடம் அகண்டு போயிற்று. அண்ணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏண்டி, இது மூக்கா போண்டாவா?" என்றாள். அடுத்த தடவை மெல்லிய ஸ்ட்ரா வைத்தேன். அதிலும் சரியாக வரவில்லை. தலைநடுக்கம் வேறு அவளுக்கு உண்டு.

"இது எங்க குடும்பத்து மூக்குடி. ஒழுங்கா வர்ற வரைக்கும் எடு. இல்லன்னா துலூஸ் போயும் எனக்குத் தூக்கம் வராது."

இது அவளே சொன்னது. அடிக்கோடு போட்டு எழுதிக்கொள்.

மூன்றாவது தடவை ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். வியாழக்கிழமை ஜெரெமி வருவதாக இருந்தது, ஞாயிறு பயணம். தலை ஆடாமலிருக்க, டாக்டர் எழுதிக்கொடுத்திருந்த தூக்க மாத்திரையில் ஒன்று கொடுத்தேன். புடவையில் சிந்தாமலிருக்கப் போர்வையால் தோளிலிருந்து கால்வரை சுற்றி இரண்டு முடிச்சுப் போட்டேன். ஒரு கை விரல்கள் மட்டும் வெளியே.

"பொட்டலம் கட்டிட்ட. அப்படியே மார்க்கெட்ல கொண்டுபோய்ப் போட்டுடு," என்று சிரித்தாள்.

பூசினேன். ஸ்ட்ரா வைத்தேன். முதல் பத்து மணிக்கும் ஒழுங்காகத் தட்டினாள். இரண்டாம் பத்தின் நடுவில் பார்த்தேன். பிளாஸ்டர் இறுகத் தொடங்கியிருந்தது, ஸ்ட்ரா மறுபடியும் மூக்கை அகட்டிக்கொண்டிருந்தது. விட்டால் இதுவும் போண்டாதான். இரண்டையும் உருவிவிட்டு, அந்த இடத்தில் பிளாஸ்டரை வைத்து விரலால் வழித்தேன்.

மூன்றாம் பத்தில் அவள் தட்டியது முறையாக இல்லை. வேகவேகமாகத் தட்டினாள். நான் என் வேகத்திலேயே சொன்னேன். ஜெபத்தை ஓட்டிச் சொல்லக் கூடாது. கால் கொஞ்சம் இழுத்தது. முகம் அசையாமலிருக்க இன்னொரு கையை அவள் நெற்றியில் வைத்துக்கொண்டேன். பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும், தெரியுமா? இளஞ்சூடாக இருந்தது. நான்காம் பத்தில் விரல் நின்றது. பாதியில் விட்ட ஜெபமாலை ஆகாது என்பாள் அண்ணி. மீதியை நான் தனியாகச் சொல்லி முடித்தேன்.

அச்சைக் கழற்ற இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. சும்மா உட்காருவானேன் என்று, கட்டிலடியில் அடுக்கி வைத்திருந்த அவள் பயணப் பெட்டியைத் திறந்து ஸ்வெட்டர்களையும் புடவைகளையும் அலமாரியில் திரும்ப அடுக்கினேன். பாஸ்போர்ட்டை அதன் இழுப்பறையில் வைத்தேன்.

அச்சு அழகாகக் கழன்றது. வெந்நீரில் முகம் துடைத்துத் தலை வாரிவிட்டேன். தெருமுனை டாக்டர் வந்து பார்த்தார். எழுபத்தெட்டு வயசு, தூக்கத்திலேயே போயிருக்கிறது, புண்ணியவதி என்றார். பயணத்துக்கு வந்த ஜெரெமி அடக்கத்துக்கு நின்றான். முப்பதாம் நாள் பூசை முடித்துவிட்டுப் போகலாம் என்று தங்கினான்.

அந்தப் பூசைக்கு முந்தின நாள்தான் அவன் அறைக்குள் வந்து, அலமாரி மேலிருந்த மூன்று அச்சுகளையும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தான்.

"அத்தை, இந்த ரெண்டுலயும் மூக்குகிட்ட ஓட்ட இருக்கு. இதுல எங்க?"

"அதுலதாம்பா மூக்கு இருக்கு," என்றேன்.

அவன் அச்சை மெதுவாக மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனான். நேரே உன்னிடம் வந்திருக்கிறான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை, நான் சோறூட்டி வளர்த்த பிள்ளை.

கொன்றீர்களா என்று கேட்டாய். ஆமாம் கண்ணு. ஸ்ட்ராவை எடுத்தால் மூச்சு நின்றுவிடும் என்று தெரியும். தெரிந்துதான் எடுத்தேன். மூக்குக்காகத்தான் எடுத்தேன். அவள் பிரான்சுக்குப் போவதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, அப்படியே எழுதிக்கொள். இந்த ஒரு மாதமும் அந்த அறையில் அவள் முகமும் நானுமாக நாங்கள் இருவரும் நன்றாகத்தான் இருந்தோம். கேட்டால் தெருவே சொல்லும்.

எழுதி முடித்ததும் கொடு, கையெழுத்துப் போடுகிறேன். நீ நன்றாக இருக்க வேண்டும், கவிநிலா. உன் வீட்டுக்காரர், பிள்ளைகள், மாமியார் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும். உன் வாசலைத் தாண்டி யாரும் தூரதேசம் போகாமல், எல்லோரும் ஒரே கூரையின் கீழ், வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கட்டும்.