டி டிரைவ் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்க மாட்டேன்

...இல்ல சார், நான் என்ன கேக்கறேன்னா, ஒரு மனுசன் வேலை பாக்கும்போது பக்கத்துல நின்னு நொய்யி நொய்யின்னு கேள்வி கேட்டா அவனுக்கு வேலை ஓடுமா? உங்களுக்கு முன்னாடி வந்துட்டுப் போனாரே, மாடி ஆபீஸ் கணக்கர், பாத்தீங்கல்ல? பிரிண்டருக்கு மை ஊத்தறதுக்குள்ள 'ஆச்சா, ஆச்சா'ன்னு உசிரை எடுத்துட்டாரு. நீங்க அந்த ஸ்டூல்ல உக்காராதீங்க, அது ஆடும். இப்படி வாங்க, என் பக்கத்துல இந்த நாற்காலியில உக்காருங்க. ஸ்கிரீனும் நல்லாத் தெரியும்.

உங்கள மாதிரி கஸ்டமர்தான் சார் எனக்கு வேணும். வந்ததுலேர்ந்து ஒரு வார்த்தை பேசலையே நீங்க. தங்கம். உங்க பொண்ணு இருக்கே... தப்பா எடுத்துக்காதீங்க, நல்ல பொண்ணுதான். ஆனா வண்டி நிறுத்த இடமில்ல, இடமில்லன்னு சொல்லிக்கிட்டே வாசல்ல நின்னு ஒரு பாட்டம் பேசித் தீர்த்துட்டுல்ல போச்சு. என்னமோ புது ப்ரோகிராமாம், டைப் பண்ணா அது பேசுமாம், பழைய சிஸ்டத்துல ஓடாதாம், அதனால புது சிஸ்டம் போடணுமாம். போட்டாப் போச்சு. ஆனா உள்ள 'அப்பா குரல்'னு ஒரு ஃபோல்டர் இருக்கு, எது போனாலும் அது போகக் கூடாது, வேற எங்கயும் காப்பி இல்ல, போச்சுன்னா திரும்பப் பதிவு பண்ணவே முடியாது... இதையே திருப்பித் திருப்பிச் சொல்லிச்சு. அப்புறம் ஆஸ்பத்திரி, ஆபரேஷன்னு வேற என்னமோ சொல்ல வந்துது. எனக்கு அந்த நேரம் பாத்து போன்ல ஒருத்தன் கழுத்தறுத்துக்கிட்டு இருந்தான், காதுல சரியா விழல. சும்மா தலையாட்டி வெச்சேன்.

போற போக்குல எனக்கே ஒரு பாடம் சார்! 'அண்ணா, மொதல்ல அதை ஒரு பென் டிரைவ்ல எடுத்து வெச்சுக்குங்க'ன்னு. பதினெட்டு வருசமா இதே பொழப்பு எனக்கு. பென் டிரைவாம்.

இங்க பாருங்க, புரியற மாதிரி சொல்றேன். உங்க பெட்டிக்குள்ள டிஸ்க்கு ஒண்ணுதான். நடுவுல சுவர் எழுப்பி ரெண்டு ரூமாக்கி வெச்சிருக்கு. ஒண்ணு சி, ஒண்ணு டி. சிஸ்டம் குடியிருக்கறது சி. உங்க ஃபோல்டரும் அங்கதான் கெடந்துது. நான் அதைப் பத்திரமாத் தூக்கி டி-யில வெச்சுட்டேன். இப்ப சி-யை மட்டும் இடிச்சுட்டுப் புதுசாக் கட்டப் போறேன். டி பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்க மாட்டேன். இதுக்கு எதுக்கு சார் பென் டிரைவ்?

ஒழுங்கா வந்துருக்கான்னு நாலஞ்சைத் தொறந்துகூடக் கேட்டேன். கோவிச்சுக்காதீங்க, எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. பாட்டு, கச்சேரின்னு ஏதாவது இருக்கும்னு பாத்தா, 'தண்ணி வேணும்'ங்குது ஒண்ணு. 'ஜன்னலை மூடு'. 'எனக்கு ஒண்ணுமில்ல'. 'நீ போய்ப் படும்மா, நான் பாத்துக்கறேன்'. இப்படியே நூத்துக்கணக்குல இருக்கு. இதுல சிரிப்புக்குன்னு தனியா ஒரு ஃபைல்! சிரிக்கறதைப் போயி யாராவது சேத்து வெப்பாங்களா? வேணும்னா வாயைத் தொறந்து சிரிச்சுட்டுப் போறது. ஆனா ஒண்ணு சார், கொரல் கணீர்னு இருக்கு. யாரு, உங்க அப்பாவா? பெரியவருக்குப் பொழுது போகல போல... சரி சரி, ஏன் மொகம் ஒரு மாதிரி ஆவுது. நான் ஒண்ணும் சொல்லல.

ஜனங்களுக்கு இந்த அழிஞ்சு போற சமாச்சாரத்துல அறிவே கெடையாது சார். இப்படித்தான் போன மாசம் ஒரு போட்டோக்காரர், இதே நாற்காலிதான், உக்காந்து அழுவறாரு. ஒரு கல்யாணம் மொத்தமும் போச்சு. தானே சிஸ்டம் போடறேன்னு ஆரம்பிச்சு முழு டிஸ்க்கையும் வழிச்சுத் தொடைச்சுட்டாரு. எப்படியாவது எடுத்துக் குடுங்கன்னா எங்கேர்ந்து எடுக்கறது? சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்.

அதை விடுங்க, என் மச்சான் ஒருத்தன் இருக்கான். வீட்டம்மாவோட தம்பி. யாரு பேச்சையும் காது குடுத்துக் கேக்க மாட்டான். வாய் மட்டும் ஓயாது. நம்ம வீட்டுக் கம்ப்யூட்டரை ரிப்பேர் பண்றேன்னு கையை வெச்சான், நான் கத்தக் கத்த அவன் பாட்டுக்குப் பேசிக்கிட்டே பட்டனை அமுக்கிட்டான். தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க? இதுல வீட்டம்மா என்ன சொல்றா தெரியுமா, 'உங்களுக்கு அவன் எவ்வளவோ தேவல'ங்கறா. என்னையும் அவனையும் ஒரே தராசுல...

ஆங், வந்துருச்சு பாருங்க, எங்க போடணும்னு கேக்குது... என்ன சார், மேசையைத் தட்டறீங்க? தண்ணியா? பாட்டில் உங்க பின்னாடிதான் இருக்கு. அட, சட்டையைப் புடிச்சு இழுக்கறீங்களே. பாத்ரூம்னா வெளியில போயி இடது கைப்பக்கம். இருங்க, இதை ஒண்ணு முடிச்சுட்டு வந்தர்றேன். ஆமா சார், ஸ்கிரீன்தான், நானும் அதைத்தானே பாக்கறேன். மேல இருக்கறதுதான், எப்பவும் அதைத்தான் அமுக்கறது... கையை விடுங்க சார், இவ்ளோ நேரம் நல்லாத்தானே இருந்தீங்க. 'உறுதியா?'ன்னு கேக்குது பாருங்க, வீட்டம்மாவேதான், எதைச் சொன்னாலும் ரெண்டு வாட்டி கேட்டாத்தான் அவளுக்கு... உறுதி. அவ்ளோதான். இனிமே அது பாட்டுக்கு ஓடும்.

நான் என்ன சொல்லிட்டு இருந்தேன்... மச்சான். அந்த மச்சான்...

இருங்க.

இது ஏன் ஒண்ணே ஒண்ணு காட்டுது? சி எங்க, டி எங்க? நடுவுல சுவர் இருந்துச்சே. 'முழு டிஸ்க்கையும் அழித்து'... இல்லையே, நான் எப்பவும் அமுக்கறதைத்தானே... கேன்சல். கேன்சல் எங்க இருக்கு... அமுங்க மாட்டேங்குதே. ஒயரைப் புடுங்கிட்டேன். புடுங்கிட்டேன் சார். மறுபடி போட்டுப் பாக்கலாம், பதறாதீங்க... ஒண்ணுமில்ல. ஒண்ணுமே இல்ல சார், மொத்தமும் வெள்ளையா இருக்கு.

நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? படிக்கத் தெரியும்ல உங்களுக்கு? கையைப் புடிக்கத் தெரியுது, சட்டையை இழுக்கத் தெரியுது, வாயைத் தொறந்து 'வேணாம்'னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா சார்? ஒரே ஒரு வார்த்தை. நான் என்ன காது கேக்காதவனா...

எதுக்கு இப்ப சட்டைப் பொத்தானை அவுக்கறீங்க... சார்... என்ன சார் இது, தொண்டையில இவ்ளோ பெரிய ஓட்டை...

அப்ப அந்த ஃபோல்டர்ல இருந்தது... 'நீ போய்ப் படும்மா'ன்னு சொன்னது... நீங்களா?

உங்க பொண்ணு வர்றாங்க சார். அதோ, ரோட்டைத் தாண்டிட்டாங்க. நீங்க கோவிச்சுக்காம அவங்ககிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லி...

இல்ல. இல்ல சார். நீங்க உக்காருங்க. நான் சொல்றேன்.