சுவருக்கு அப்பால் எரிய வேண்டிய விளக்கு

நீராவி அறைக்கு விளக்குத் தேர்ந்தெடுப்பது கடினமான காரியமன்று. ஈரம், வெப்பம், மனிதனுடைய கை ஆகியவற்றைக் கருத்திற்கொண்டால் போதும். முதலிரண்டைக் குறித்து நான் கற்ற மின்சார நூல் விரிவாகக் கூறுகின்றது. கையைக் குறித்து நானே கண்டறிந்தேன்.

இன்ஸ்பெக்டர் ஐயா, என் வாக்குமூலத்தை ரைட்டர் எழுதுவார் என்றீர்கள். நானே எழுதுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். ஏலாக்குறிச்சியில் பிறந்த சவரியாராகிய நான் முப்பத்தைந்து வயது வரையில் கைநாட்டு வைத்தவன். திருச்சியில் மின்கம்பி வேலை செய்துகொண்டே மாலைப் பள்ளியில் தமிழ் கற்றேன். பின்னர் மின்சாரம் பற்றிய நூலொன்றை வரி பிசகாமல் மனனம் செய்தேன்.

அரியலூரிலிருந்து பெரம்பலூர் செல்லும் சாலையில் நல்லதம்பி அவர்கள் ஜல சிகிச்சை நிலையம் கட்டியதைத் தாங்கள் அறிவீர்கள். மூட்டு வாதக்காரர்களை நீராவியில் அமர்த்திக் குணப்படுத்துவது அவருடைய நோக்கம். அப்பக்கம் மின்கம்பம் இன்னும் வரவில்லையாதலால், எண்ணெய் எஞ்சின் ஓட்டி அவரே மின்சாரம் உண்டாக்கினார். கம்பி வேலை முழுவதும் என் பொறுப்பு.

நீராவி அறையைப் பொறுத்தவரை என் கருத்து தெளிவானது. சுவரில் துவாரமிட்டுத் தடித்த கண்ணாடி பதிக்க வேண்டும். விளக்கு அதற்கு அப்பால், வறண்ட பக்கத்தில் எரிய வேண்டும். வெளிச்சம் உள்ளே வரும்; மின்சாரம் வராது. அது இயலாவிடில் விளக்கைச் செருகப் பீங்கான் பிடியும், ரப்பர் வளையம் இட்ட கண்ணாடி மூடியும் வேண்டும். இதனை நூலிலுள்ள சொற்களிலேயே நல்லதம்பியிடம் எடுத்துரைத்தேன்.

கொத்தனார்களும் சமையற்காரரும் நின்றுகொண்டிருந்தார்கள். நல்லதம்பி சிரித்தார்.

"செவுத்துக்கு அந்தப்பக்கம் எரிஞ்சா அது என்னய்யா வெளக்கு? பொம்பளைங்க இருட்டு ரூமுக்குள்ள நுழையிறப்ப வெளக்கு மொகத்துக்கு நேரா இருக்க வேணாமா? பித்தளைப் பிடி போடு, பளபளன்னு இருக்கும்." பின்பு கொத்தனார்களைப் பார்த்து, "நேத்துதான் ஆனா ஆவன்னா படிச்சாரு, இன்னைக்கு எனக்கு வாத்தியாரு" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். அன்று முதல் கொத்தனார்கள் என்னை வாத்தியாரே என்று கூப்பிட்டுச் சுண்ணாம்புக் கட்டியை நீட்டி, சுவரில் எழுதிக் காட்டச் சொன்னார்கள். அன்று சிரிக்காதவர் நல்லதம்பியின் மனைவி கிருஷ்ணம்மாள் ஒருவரே. "ஏங்க, அந்த அண்ணன் சொல்றதயும் காதுல வாங்குங்களேன்" என்றார். நல்லதம்பி வாங்கவில்லை.

எனக்கு அவர்மீது கோபம் உண்டாகவில்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். உண்மையான வாக்கியம் ஒன்று பலர் முன்னிலையில் பொய்யாக்கப்பட்டது. அதனைத் திருத்தும் கடமை கற்றவனைச் சேர்ந்தது.

அலுவலக அறையில் முதன்முதலாக விளக்கேற்றிய மாலையில் கிருஷ்ணம்மாள் செய்ததை நான் கவனித்திருந்தேன். அவர் முக்காலியின்மீது ஏறி, விளக்கின் பித்தளைக் கழுத்தைத் தொட்டு, விரல்களைக் கண்களில் ஒற்றிக்கொண்டார். அகல் விளக்குக்குச் செய்யும் வணக்கத்தையே மின்விளக்குக்கும் செய்தார். பின்னர் ஒவ்வொரு அறையிலும் அவ்வாறே செய்தார். எட்டாத விளக்குகளைக் கைகூப்பி வணங்கினார், எட்டியவற்றைத் தொட்டார்.

ஆகவே நீராவி அறை விளக்கை அவருடைய தோளுயரத்தில் அமைத்தேன். மேற்பகுதியில் வெப்பம் மிகுதியாதலால் விளக்கைத் தாழ்வாக அமைப்பதே முறை என்று நூலும் கூறுகின்றது. நல்லதம்பி விரும்பிய பித்தளைப் பிடியையே பொருத்தினேன். ஈரம் தானாகவே உட்புகுந்து மின்சாரத்தைப் பித்தளைக்குக் கொண்டுவரும். ஆயினும் அதற்கு நாட்கள் பல ஆகலாம். தற்செயலை நம்பியிருப்பது கற்றவனுக்கு அழகன்று. எனவே கம்பியின்மேல் சுற்றியிருந்த பருத்தி உறையைச் சுரண்டி, பிடியின் உட்புறத்தில் படும்படி வைத்தேன்.

நல்லதம்பியையே ஏன் தேர்ந்தெடுக்கவில்லை என்று வினவினீர்கள். அவர் விளக்கைத் தொட்டு வணங்குபவரல்லர். மேலும், இறந்தவர் எதையும் ஒப்புக்கொள்ள இயலாது.

திறப்பு நாளன்று காலையில் முழங்கால் வலிக்காகக் கிருஷ்ணம்மாளே முதலில் உள்ளே செல்வதென்று முடிவாயிற்று. ஈரச் சேலையுடன், வெறுங்காலுடன், நனைந்த கல் தரையில் நின்று, "அண்ணே, வெளக்கப் போடுங்க, உள்ள ஒண்ணுமே தெரியல" என்றார். சுவிட்சு வெளியே என் கையருகில் இருந்தது. போட்டேன். கதவிலிருந்த சிறு கண்ணாடி வழியே அவருடைய கை விளக்கை நோக்கி நீளுவதைக் கண்டேன். அதன் பின்னர் அந்தக் கை அங்கிருந்து மீளவில்லை.

சுவிட்சை உடனே அணைத்திருக்கலாம். அணைத்திருந்தால் அவர் பிழைத்திருக்கவும் கூடும். ஆனால் ஆவி தாங்காமல் மயங்கி விழுந்தாள் என்றே நல்லதம்பி கூறியிருப்பார். ஆதலால் வாசலில் விருந்தினரிடம் பேசிக்கொண்டிருந்த அவரை, கையைச் சுவிட்சிலிருந்து எடுக்காமலேயே, பெயர் சொல்லி அழைத்தேன். அவர் பேச்சை முடித்துக்கொண்டு நிதானமாக வந்தார். கண்ணாடி வழியே பார்க்கச் சொன்னேன். அவர் பார்த்து முடித்த பின்னரே அணைத்தேன்.

கொலை என்னும் சொல்லைத் தாங்கள் பயன்படுத்தினீர்கள். அச்சொல்லை நான் மறுக்கவில்லை. கிருஷ்ணம்மாளை நான்தான் கொன்றேன்.

நல்லதம்பி அவரை மடியில் கிடத்திக்கொண்டு, "ஏன்யா நிறுத்தல, சுவிட்சு உன் கையிலதானய்யா இருந்திச்சு" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நான் அருகில் அமர்ந்து, ஈரம் எவ்வாறு மின்சாரத்தைக் கடத்துகின்றது என்பதை எளிய சொற்களில் முதலிலிருந்து விளக்கினேன். இம்முறை அவர் சிரிக்கவில்லை. இடையிடையே கதறினாரேயன்றி, குறுக்கே ஒரு கேள்வியும் கேட்கவில்லை. காலம் கடந்து கற்பவர்களுக்கு முதல் பாடம் சற்றுக் கடினமாகத்தான் இருக்கும்.