மச்சான் கையும் பித்தளை மூடியும்

“மச்சான நம்பாமதான் இந்த மூடிய செய்யச் சொன்னேன். இப்ப மூடியயே நம்ப முடியல.”

காலாப்பட்டிலிருந்து டவுனுக்கு வந்த பஸ்ஸில், என் முன்சீட்டில் இருந்த பிராந்திக் கடைக்காரர், பக்கத்தில் இருந்த லேத் பட்டறைக்காரரிடம் சொன்னார். கையில் பித்தளை மூடி.

“பாட்டில சாச்சா ஒரு பெக்கு ஊத்திட்டு தானா அடைச்சிக்கும்ண்ணே. அதுல என்ன சந்தேகம்?”

“கடையில ஊத்திக் குடுக்கறப்ப மச்சான் அவன் சிநேகிதக்காரனுங்களுக்கு அதிகமா ஊத்தறான்னு நெனச்சேன். இத மாட்டுனப்புறம்தான் பாட்டிலு சீக்கிரமா காலியாவுது. ஓட்டைய பெருசா போட்டியா?”

“அளந்து பாத்துதான் குடுத்தேன். அப்ப உங்க மச்சான் இத்தினி நாளா எல்லாருக்கும் கொறச்சிதான் ஊத்தியிருக்காரு.”

முத்தியால்பேட்டை வரைக்கும் கடைக்காரர் மூடியை உருட்டிக்கொண்டே வந்தார். பிறகு அதைப் பட்டறைக்காரரின் சட்டைப்பையில் போட்டார்.

“நீயே வச்சிக்க. மச்சானே ஊத்தட்டும்.”