தங்கப் பற்களில் சந்தனம்

சந்தனத்தில் தண்ணீர் கூடிவிட்டால் பொட்டு நிற்காது, வழியும். கட்டியாக இருந்தால் காய்ந்து உதிரும். ஆயுத பூஜைக்கு எங்கள் கடையில் சந்தனம் குழைப்பது எப்போதும் நான்தான். அந்தப் பக்குவம் எனக்கு வரும். வேறு எதுவும் அவ்வளவாக வராது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன் கண்ணுகளா, பின்னால் ஏமாற வேண்டாம்.

என் பெயர் கனகலட்சுமி. வில்லாபுரத்தில் ஒரு பிளக்ஸ் கடையில் இருபத்திரண்டு வருடமாக டிசைன் செய்கிறேன். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் பின்னால் ஒரே அருவியைத்தான் வைப்பேன். மாப்பிள்ளையைச் சற்று வெளுப்பாக்குவேன். வாழ்த்துகிறவர்களைக் கீழே மீசையின் அளவுப்படி வரிசையாக நிறுத்துவேன். இதைக் கலை என்று நம்பியிருந்தேன்.

போன வருடம் பாண்டிமீனா வேலைக்கு வந்தாள். இருபத்து நான்கு வயது. மண்டபத்துப் பெரிய திரையில் ஓடவிடும் கல்யாண வீடியோக்களைச் செய்வாள். அதில் பூ விழும், யானை தும்பிக்கையைத் தூக்கும், மணமக்கள் நடந்து வருவார்கள். கடைக்கு வருகிறவர்கள், "ஆடுற மாதிரி செய்யுமே, அந்தப் பொண்ணு எங்க?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். என் அருவி ஆடாது.

அவளுடைய பழைய கம்ப்யூட்டர் அந்த வேலைக்கு மூச்சு வாங்கியது. முதலாளி தங்கப்பாண்டியிடம் கெஞ்சி ஒரு புது கிராபிக்ஸ் கார்டு வாங்க வைத்தாள். அவரும் ஒரு நிபந்தனை போட்டார். விஜயதசமி கழிந்து மூன்றாம் நாள் திருமங்கலத்தில் ஒரு கல்யாணம். அதற்கு வீடியோ கொடுத்துவிட்டால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம்.

அவளுக்கு அது வெறும் வேலை இல்லை. மத்தியானச் சாப்பாட்டின்போது என்னிடம்தான் சொன்னாள்.

"வேல நெலைக்கலேன்னா எங்கய்யா என்னைய மாமாவுக்கே கட்டி வச்சிருவாருக்கா. அக்கா செத்து இன்னும் வருசம் திரும்பல."

மாமா என்றால் அவளுடைய அக்காள் புருஷன். அக்கா எப்படிச் செத்தாள் என்று கேட்டேன்.

"கெணத்துல தவறி விழுந்துட்டான்னு ஊருக்குள்ள சொல்லிக்கிறாக."

அதற்குப் பிறகு அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை. எனக்கு நன்றாகவே புரிந்தது. என் டிபன் பாக்ஸிலிருந்து ஒரு முட்டையை எடுத்து அவளுக்கு வைத்தேன். நான் கல்நெஞ்சுக்காரி இல்லை.

ஆயுத பூஜையன்று கார்டு சாமி படத்துக்கு முன்னால் இருந்தது. "கனகாக்கா, புதுசுக்கும் ஒரு பொட்டு வச்சிருங்க" என்றார் முதலாளி. மற்ற மெஷின்களுக்கு முகப்பில் வைத்தேன். கார்டுக்குப் பற்களில் வைத்தேன். கம்ப்யூட்டருக்குள் செருகும் விளிம்பில் தங்க நிறத்தில் சின்னச் சின்னப் பற்கள் வரிசையாக இருக்கும். அதன்மேல் விரலால் மெல்லிசாக ஒரு இழுப்பு. காய்ந்தபின் உற்றுப் பார்த்தாலும் தெரியவில்லை. பக்குவம் என்று சொன்னேனே, அதுதான்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து நானே மாட்டினேன். கடையில் மெஷினைத் திறக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கார்டின் விசிறி சுற்றியது. திரையில் அதன் பெயர் மட்டும் வரவில்லை; அது உள்ளே இருப்பதே கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை.

மிகுந்த அக்கறையோடு தேடினேன். மானிட்டர் வயரை மாற்றினேன். கரண்ட் வயரை அழுத்திப் பார்த்தேன். சாஃப்ட்வேரை அழித்துத் திரும்பப் போட்டேன். எங்கெல்லாம் கோளாறு இல்லையென்று தெரியுமோ அங்கெல்லாம் சரிபார்த்தேன்.

"ஒரு தடவ கழட்டி மாட்டிப் பாப்பமாக்கா?" என்றாள் பாண்டிமீனா. கெட்டிக்காரி.

நான் திரும்பி முதலாளியைப் பார்த்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

"விசயதசமில ஏத்துனதக் கழட்டுறதா? கடை வெளங்குமா? மூணு நாளைக்கு யாரும் கை வைக்கப்படாது" என்றார் அவர்.

கார்டு இல்லாமலே செய்து பார்த்தாள். யானை தும்பிக்கையைப் பாதி தூக்கியதும் கம்ப்யூட்டர் நின்றுவிடும். கல்யாண வீட்டார் வேறு கடைக்குப் போனார்கள். மூன்றாம் நாள் பையை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். "நீங்களும் எம்புட்டோ பாத்தீங்கக்கா. வாரேன்" என்றாள்.

நாலாம் நாள் கார்டைக் கழற்றிப் பென்சில் ரப்பரால் பற்களைத் தேய்த்துத் திரும்ப மாட்டினேன். உடனே பெயர் வந்தது. "கனகாக்கா கை பட்டாத்தான்யா எதுவும் ஓடும்" என்றார் முதலாளி. இப்போது அது என் மெஷினில் இருக்கிறது. அதற்குக் கொடுக்க என்னிடம் அருவியை விட்டால் வேலை இல்லை. பாவம், சூடுகூட ஆவதில்லை.

தை மாதம் அவளுடைய அய்யா கல்யாண பிளக்ஸ் அடிக்க வந்தார். "செத்துப்போன பெரியவ எடத்துல ஒங்க போட்டோவத்தான் போடணும்னு புள்ள ஒத்தக்கால்ல நிக்குது தாயி" என்றார்.

போட்டேன், கைகூப்பிய படம். மாப்பிள்ளைக்கு, அந்த மாமாவுக்குத்தான், பத்து வயதைக் குறைத்தேன். அவள் கண்கள் வீங்கியிருந்தன. அதைச் சரிசெய்யவே ஒரு மணி நேரம் ஆனது. பின்னால் எப்போதும் போடும் அருவியை இந்த ஒன்றுக்கு மட்டும் எடுத்துவிட்டு ரோஜாத் தோட்டம் வைத்தேன். அந்த வீட்டுக் கல்யாணத்தில் தண்ணீர் வேண்டாம் என்று தோன்றியது.

அவள்மேல் எனக்கு அவ்வளவு அக்கறை கண்ணுகளா.