வாத்துக்குட்டை இல்ல, அகழி

...தோண்டக்கூடாதுங்குறாங்க தம்பி! என் வீடு, என் மண்ணு, கடப்பாரை வைக்க கவர்மெண்ட கேக்கணுமாம்! அய்ய, உங்க நாய அந்த அகழிக் கரை மேல ஏத்தாதீங்க. கரையும் பாதுகாக்கப்பட்டதாம். இங்கிலாந்துல, இந்த சஃபோக் ஜில்லா பூரா வேற இடமா இல்ல, என் தலையிலதான் வந்து விடியணுமா?

எங்க விட்டேன்? ஆங், எனிட். என் சம்சாரம். இடுப்பெலும்பு ஒடஞ்சதுலேர்ந்து படி ஏற முடியல. எங்க வீட்ல குளிக்கிற ரூம் மாடியில. கீழ ஒரே ஒரு ரூம் சேத்துக் கட்டினா அவ வீடு திரும்பிருவா. அஸ்திவாரம் தோண்டினா எழுநூறு வருஷத்து மண்ணு கலைஞ்சிருமாம். முடியாதுன்னுட்டாங்க!

பாருங்க, இதுல என்ன இருக்கு? பாசி. நாலு வாத்து. கோட்டையாவது கொத்தளமாவது! தொல்லியல் ஆபீஸ்லேர்ந்து வந்த அம்மா சொல்றாங்க, எதிரியத் தடுக்க வெட்டினதே இல்லயாம். எவனோ ஒரு பண்ணைக்காரன், கையில நாலு காசு சேந்ததும், அக்கம்பக்கத்துக்காரன் வயிறெரியட்டும்னு வீட்டச் சுத்தி வெட்டிக்கிட்டானாம். அதுதான் இதோட வரலாற்றுச் சிறப்பாம்! பைத்தியக்காரப் பய...

பக்கத்து சிரில் வீட்லயும் இதே மாதிரி தண்ணி கெடந்துச்சு தம்பி. அந்தம்மா கேட்டப்ப, "அது எங்க தாத்தா களிமண்ணு எடுத்த குழிங்க"ன்னு கமுக்கமா சொல்லிட்டான். அதத் தூத்து, படியே இல்லாம வீடு கட்டிட்டான். கள்ளன்!

அந்தம்மாவ யாரு கூட்டியாந்ததா? நாந்தான்! பின்ன? ஊர்க்கூட்டத்துல, அத்தன பேர் முன்னாடி, இந்த சிரில் பய என் அகழியப் போயி "ஹொரேஸோட வாத்துக்குட்டை"ன்னான் தம்பி! விட்ருவனா? அகழிதான்னு காட்ட பழைய வரைபடத்தத் தேடி ரெண்டு வருஷம் நாயா அலைஞ்சேன்ல! இப்பச் சொல்லச் சொல்லுங்க குட்டைன்னு!

எனிட்டா? அதோ... சிரில் வீட்லதான். அவன் தங்கச்சி நர்ஸா இருந்தவ, அவதான் பாத்துக்குறா. பாருங்க, சன்னல்லேர்ந்து கையாட்டுறா. டீக்குக் கூப்பிடுறா. நாப்பது வருஷமா எனக்கு டீ போட்டவ, இன்னிக்கு அவன் வீட்லேர்ந்து என்னய விருந்தாளியா... மனசு ஒடைஞ்சு போவுது தம்பி.

கெளம்பிட்டீங்களா? தம்பி! ஆபீஸ்காரங்க நட்டுட்டுப் போன அந்தப் போர்டயாவது படிச்சிட்டுப் போங்க! அகழின்னு எவ்ளோ பெரிசாப் போட்டிருக்கு பாருங்க... சிரில் வீட்லேர்ந்தே தெரியும்!