அவள் கேட்ட வெல்டிங் மிஷின்

தோப்பும்படியிலிருந்து மட்டாஞ்சேரி போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும். பல்பு மாட்டவே பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிடுகிறவன் நான். ஒட்டுக்கேட்பதில் மட்டும் கெட்டிக்காரன்.

“நாம வாங்குற வெல்டிங் மிஷின் கட்டிலுக்கு அடியில அடங்கணுங்க,” என்றாள் அவள்.

“அதுல என்னடி ஒட்டும்? வாங்குறதுன்னா ரெண்டு ஆள் தூக்குறாப்ல பெருசா வாங்கணும்.”

“மிக்ஸியும் அயர்ன் பாக்ஸும் சேத்துப் போட்டாலே நம்ம வீட்டுல ஃபியூஸ் போவுது. ஹார்டுவேர் கடைச் சேட்டன் சின்ன இன்வெர்ட்டர் மிஷின்தான் சொன்னாரு. வீட்டுக் கரண்டுலயே ஓடுமாம், தோள்ல மாட்டிக்கலாமாம்.”

“மொதல்ல என்ன செய்வ?”

“பூந்தொட்டி ஸ்டாண்டு. கோணலா வந்தாலும் செடி சண்டைக்கு வராது.”

“இந்த வயசுல உனக்கு எதுக்குடி இந்த ஆசை?”

“உங்களுக்குத் தூண்டில் எதுக்கு? இதுவரைக்கும் ஒரு மீனாவது வந்துச்சா?”

எனக்குச் சிரிப்பு முட்டியது. இருமி மறைத்தேன்.

அவர் அவள் பக்கம் திரும்பினார். “சரி, சின்னதே வாங்கு. ஆனா மூஞ்சிக்கு வைக்கிற கறுப்புக் கண்ணாடி ரெண்டு வாங்கணும்.”

“ரெண்டு எதுக்கு?”

“நீ ஒட்டுறத நான் பாக்க வேண்டாமா?”